மரத்துக்குள் ஒரு பஞ்சாங்கம்: பகலின் நீளத்தை மரங்கள் எப்படிக் கணக்குப் பார்க்கின்றன?

பஞ்சாங்கத்தைப் புரட்டினால் ராகுகாலம், நல்ல நேரம் எல்லாம் தாண்டி 'அகசு' என்று ஒரு எண் அச்சாகியிருக்கும். பெரும்பாலும் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அன்றைய பகல் எத்தனை நாழிகை என்று சொல்லும் எண் அது. ஒரு நாழிகை 24 நிமிடம். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் பகல் 30 நாழிகை. சென்னையில் ஜூன் மாதம் அது 32-க்குச் சற்று மேலே ஏறும், டிசம்பரில் 28-க்குச் சற்று மேலே இறங்கி நிற்கும். வருஷம் முழுக்க ஆட்டம் அவ்வளவுதான், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

இதே கணக்கை நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவுக்குப் போட்டால் ஜூனில் 47 நாழிகை வரும், டிசம்பரில் 15-க்கும் கீழே. அங்கே சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஜூன் மாதம் இரவுச் சாப்பாடு முடிந்து பத்து மணிக்கு அவர்கள் எடுத்து அனுப்பும் படத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். டிசம்பரில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் இருட்டில், சீக்கிரமே கவிந்துவிடுவதும் இருட்டுதான்.

பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதால் வரும் வித்தியாசம் இது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக, கோடைப் பகலும் குளிர்காலப் பகலும் ஒன்றையொன்று விட்டு விலகிக்கொண்டே போகும்.

இந்த எண்ணை மரங்களும் பார்க்கின்றன. வடதேசத்து மரங்களுக்கு இதுதான் உயிர்க் கணக்கு. ஆனால் ஒவ்வொரு மரமும் தன் சொந்த ஊருக்குக் கணித்த பஞ்சாங்கத்தை வைத்துத்தான் இதைப் படிக்கிறது. வேறு ஊருக்குக் கொண்டுபோய் நட்டால் மரம் அந்தப் பழைய பஞ்சாங்கத்தையேதான் புரட்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது, சுவாரசியமும்.

குளிர் வந்த பிறகு போர்வை தேட முடியாது

முதலில் ஒரு கேள்வி. குளிர்காலத்துக்குத் தயாராக வேண்டுமென்றால் குளிரையே பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே, மரம் ஏன் பகலை அளக்க வேண்டும்?

காரணம், தயாராவதற்கு வாரக்கணக்கில் ஆகும். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் கறுப்புப் பாப்லர் (பிளாக் காட்டன்வுட்) மரத்தின் கிளை நுனியை ஜூலையில் பார்த்தால், இளம்பச்சைக் கொழுந்து ஒன்றன்பின் ஒன்றாக விரிந்துகொண்டே இருக்கும். சில வாரம் கழித்து அதே நுனியைப் பாருங்கள். புதிதாக வரும் இலை முழு அளவுக்கு விரியாமல் சிறுத்தே நின்றுவிடும். அதற்கடுத்தது இலையாகவே ஆகாது, செதிலாகிவிடும். அப்படி ஒன்றின்மேல் ஒன்று ஏறிய செதில்கள் மூடிக்கொண்டு கூரான ஒரு மொட்டு உருவாகும். முதலில் பச்சை, அப்புறம் பழுப்பு. தொட்டால் விரலில் பிசின் ஒட்டும், நல்ல வாசனை வரும். அந்த மொட்டுக்குள் அடுத்த வருஷத்து இலைகள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. வெளியே தெரிவது இவ்வளவு. உள்ளே செல்களில் சர்க்கரை சேர்கிறது, நீர் குறைகிறது, சவ்வுகளின் தன்மையே மாறுகிறது.

இந்த வேலை முழுசாக முடிந்த மரம் எதையும் தாங்கும். ஜப்பானிய ஆய்வாளர் அகிரா சகாய் 1960-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றாகக் குளிருக்குப் பழகிய மரக்கிளைகளைப் படிப்படியாக உறையவைத்து, பிறகு திரவ நைட்ரஜனில், அதாவது மைனஸ் 196 டிகிரியில், முக்கி எடுத்தார். அவை பிழைத்துக்கொண்டன. ஆனால் வளர்ந்துகொண்டிருக்கும் இளம் தளிருக்கு மைனஸ் சில டிகிரி போதும், ஒரே இரவில் கறுத்துத் தொங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்த சில வாரத் தயாரிப்புதான்.

வெப்பநிலையை நம்பினால் ஏமாறலாம். ஒரு வருஷம் செப்டம்பர் முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும், அடுத்த வருஷம் ஆகஸ்ட் கடைசியிலேயே உறைபனி கொட்டும். பகலின் நீளம் அப்படி ஏமாற்றாது. ஆகஸ்ட் 10 அன்று ஓர் ஊரில் பகல் எவ்வளவோ, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலும் அந்த ஊரில் அதே பருவத்தில் ஏறக்குறைய அவ்வளவுதான். நம்பகமான நாட்காட்டி வேண்டுமென்றால் வானத்தில் இதைவிட நல்லது கிடையாது.

தாவரங்கள் பகலின் நீளத்தை உணர்கின்றன என்பது தெளிவானது ஒரு புகையிலைச் செடியால். அமெரிக்க வேளாண்மைத் துறையில் வேலை செய்த கார்னர், அல்லார்ட் இருவரும் மேரிலாண்ட் மாமத் என்ற புகையிலை ரகத்தை வளர்த்தார்கள். கோடையில் அது பூக்காமல் ஆளைவிட உயரமாக வளர்ந்துகொண்டே போனது. குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் வைத்தால் சின்னச் செடியாக இருக்கும்போதே பூத்தது. வெப்பம், உரம், ஈரம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தும் விடை கிடைக்கவில்லை. கடைசியில் கோடையிலேயே தினமும் மாலையில் செடிகளை இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளி, பகலைச் செயற்கையாகச் சுருக்கினார்கள். பூத்துவிட்டது. 1920-இல் இதை வெளியிட்டார்கள். நம் பாடப்புத்தகங்களில் 'ஒளிக்காலத்துவம்' என்று வருவது இதுதான்.

நம் பழைய நீண்டகாலச் சம்பா ரகங்கள் பலவும் இந்த ஜாதிதான். கொஞ்சம் முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும், பகல் குறையும் காலம் பார்த்துத்தான் கதிர் தள்ளும். பட்டம் தப்பக்கூடாது என்று விவசாயிகள் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

பகல் என்று சொன்னாலும், செடி உண்மையில் அளப்பது இரவை. ஹாம்னர், பானர் என்ற இருவர் 1938-இல் இதைக் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட செடி, நம் ஊர்த் தரிசிலும் வளர்ந்து வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் மருளூமத்தை. நீண்ட இரவுக்கு நடுவே கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டால் போதும், அந்த இரவே இல்லாத மாதிரி செடி நடந்துகொண்டது. பகலுக்கு நடுவே இருட்டாக்கினால் அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஓசூர்ப் பக்கம் சாமந்தி வளர்ப்பவர்கள் ராத்திரியில் பல்பு எரிய விடுவது இதற்காகத்தான். இரவை உடைத்துவிட்டால் பூ தள்ளிப்போகும், தண்டு நீளும், வேண்டிய நேரத்துக்குப் பூவை வரவைக்கலாம்.

மரங்களும் அப்படியே. நியூயார்க் நகரத்தில் தெருவிளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் மரங்கள் இலையை உதிர்க்கத் தாமதிக்கின்றன என்று எட்வின் மட்ஸ்கே 1936-லேயே எழுதியிருக்கிறார். விளக்கைப் பார்த்த பக்கத்துக் கிளையில் மட்டும் பச்சை இலை நிற்கும், மறுபக்கம் மொட்டைக் கிளை.

வடக்கு மரம் தெற்கே வந்தால்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்டன் என்று ஓர் ஊர், ஏறக்குறைய 42 பாகை வட அட்சத்தில். ஸ்காட் பாலி, தாமஸ் பெர்ரி என்ற இருவர் அங்கே பாப்லர் மரங்களை வளர்த்து, 1954-இல் முடிவை வெளியிட்டார்கள். வட அமெரிக்காவின் மேற்குக் கரை நெடுக, தெற்கிலிருந்து அலாஸ்கா வரை, பல அட்சங்களிலிருந்து கிளைத் துண்டுகளைக் கொண்டுவந்து ஒரே நிலத்தில் நட்டார்கள். ஒரே மண், ஒரே மழை, ஒரே வெயில்.

வளர்ச்சியை நிறுத்திய தேதிதான் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது. தெற்கிலிருந்து வந்தவை இலையுதிர்காலம் வரை வளர்ந்துகொண்டே இருந்தன. தொலைதூர வடக்கிலிருந்து வந்தவையோ ஜூன் மாதத்திலேயே மொட்டைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டன. கோடை அப்போதுதான் தொடங்கியிருக்கிறது, முன்னால் மாதக்கணக்கில் நல்ல வெயில் காத்திருக்கிறது. அந்த மரங்கள் குட்டையாகவே நின்றன.

முதல் முறை இதைப் படித்தபோது எனக்கு இது தலைகீழாகத் தோன்றியது. குளிர்தேசத்து மரம் வெதுவெதுப்பான ஊருக்கு வந்தால் சந்தோஷமாக வளர வேண்டாமா? பகல் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் புரிகிறது.

ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எல்லைப் பகல் உண்டு. பகல் அதைவிட நீளமாக இருக்கும்வரை வளரும், அதற்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிடும். நடு ஐரோப்பாவின் மரங்களுக்கு இந்த எல்லை 15, 16 மணி நேரத்தைச் சுற்றி இருக்கும். நார்வேயின் வடகோடி மரங்களுக்கு அது 20 மணி நேரத்துக்கும் மேலே. அவ்வளவு வடக்கே கோடைப் பகல் அப்படி. ஆகஸ்ட் தொடக்கத்திலேயே கடையை மூடத் தொடங்காவிட்டால் உறைபனியில் மாட்டிக்கொள்ளும். அதனால் பகல் இன்னும் நீளமாக இருக்கும்போதே "போதும், காலம் ஆகிவிட்டது" என்று முடிவெடுக்கப் பழகியிருக்கிறது.

அந்த மாதிரி ஒரு மரத்தை வெஸ்டனில் நட்டால் என்ன ஆகும்? அங்கே வருஷத்தின் மிக நீண்ட பகலே 15 மணி 17 நிமிடம் சொச்சம்தான். 20 மணி நேரத்தை எல்லையாக வைத்திருக்கும் மரத்தின் பார்வையில் அங்கே கோடை என்ற ஒன்று வரவே இல்லை. வசந்தத்தில் மொட்டு விரிந்த நாளிலிருந்தே அதற்கு ஆகஸ்ட் கடைசிதான். மொட்டுக்குள் ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த இலைகளை விரித்துவிட்டு நின்றுவிடும்.

எதிர்த் திசையில் போனால் ஆபத்து அதிகம். நடு ஐரோப்பாவில், 50 பாகை அட்சத்தில், பகல் 15 மணி நேரத்துக்கு இறங்குவது ஆகஸ்ட் முதல் வாரத்தை ஒட்டி. அங்கே கடும் உறைபனி வர அக்டோபர் ஆகும், அவகாசம் தாராளம். அதே மரத்தை 64 பாகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்வீடனின் உமேயோ நகரத்தில் நட்டால், அங்கே பகல் 15 மணி நேரத்துக்கு இறங்கும்போது ஆகஸ்ட் கடைசி வாரம் வந்துவிடும். செப்டம்பரிலேயே உறைபனி. மொட்டுக் கட்டி முடிப்பதற்குள் நுனிகள் கருகும். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து வந்த பைன் விதைகளை ஸ்வீடனில் விதைத்தவர்கள் பட்ட பாட்டுக்கு இது ஒரு காரணம். அதற்குப் பிறகுதான் விதை எந்த ஊருடையது என்று கேட்கும் பழக்கம் அங்கே காட்டுத் துறைக்கு வலுவாக வந்தது.

வெஸ்டன் தோட்டத்தில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரே அட்சத்திலிருந்து வந்தவற்றிலும், கோடை குறுகிய மலைப் பகுதியிலிருந்து வந்தவை முன்னதாகவே நிறுத்தின. மரம் மனப்பாடம் செய்திருப்பது அட்சத்தை அல்ல, தன் ஊரில் உறைபனி வரும் நாளை. அந்த நாளைக் குறித்துவைக்கும் மொழிதான் பகலின் நீளம்.

இலைக்கு வரும் பால்காரர்

மரத்துக்குக் கண் இல்லை, கைக்கடிகாரம் இல்லை. 15 மணி நேரப் பகலுக்கும் 20 மணி நேரப் பகலுக்கும் வித்தியாசம் அதற்கு எப்படித் தெரிகிறது?

இலைக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று பைட்டோகுரோம் என்ற நிறமி. சிவப்பு ஒளி பட்டால் ஒரு வடிவத்துக்கு மாறும், இருட்டில் மெல்ல மறு வடிவத்துக்குத் திரும்பும். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று இலைக்குச் சொல்வது இது. இன்னொன்று 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று ஓடும் உயிர்க் கடிகாரம், நம் உடம்பில் இருக்கும் மாதிரியே.

இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் விதத்தை ஒரு பால்காரரை வைத்துச் சொல்கிறேன். பால்காரர் தினமும் சாயங்காலம் ஒரே நேரத்துக்கு வருகிறார். கதவு திறந்திருந்தால் பால் ஊற்றிவிட்டுப் போவார், மூடியிருந்தால் வெறுமனே திரும்பிவிடுவார். கதவு திறந்திருப்பது என்றால் வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். பால்காரரை அனுப்புவது உயிர்க் கடிகாரம், கதவைத் திறந்து மூடுவது வெளிச்சம்.

மரத்தில் பால்காரருக்குப் பெயர் சி.ஓ. புரதம். கடிகாரம் சொல்லும் நேரத்தில் இது மிகுதியாக உருவாகும், ஆனால் இருட்டில் நிலைக்காது, சிதைந்துவிடும். அது வரும் நேரத்தில் வெளிச்சம் இருந்தால் எஃப்.டி. என்ற இன்னொரு புரதம் இலையில் உருவாகும். அதுதான் பால். அது கிளை நுனிக்குப் போய்ச் சேரும்வரை நுனி வளர்ந்துகொண்டே இருக்கும். பகல் குறுகி, அந்த நேரத்துக்குள் இருட்டிவிட்டால் பால் நின்றுபோகும். தொடர்ந்து சில நாள் பால் வராவிட்டால் நுனி வளர்ச்சியை நிறுத்தி மொட்டுக் கட்டத் தொடங்கிவிடும்.

உமேயோவைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று 2006-இல் பாப்லர் இனத்து மரங்களில் இதைக் காட்டியது. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்: வடக்கு மரங்களில் அந்தப் பால்காரர் வெகு நேரம் கழித்துத்தான் வருகிறார். அந்த நேரத்திலும் வெளிச்சம் இருக்க வேண்டுமென்றால் வடதுருவத்துக்குப் பக்கத்துக் கோடைப் பகல்தான் வேண்டும். தெற்கு மரங்களில் அவர் முன்னதாகவே வந்துவிடுகிறார், சற்றுக் குறுகிய பகலும் போதும். எல்லைப் பகல் என்று மேலே சொன்னது ஏதோ கண்ணுக்குத் தெரியாத எண் அல்ல, இந்தப் பால்காரர் வரும் நேரம்தான்.

ஸ்வீடனின் ஆஸ்பென் மரங்களில் இதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். காற்று லேசாக அடித்தாலே அரசிலை மாதிரி சலசலக்கும் மரம் அது. தெற்கே 56 பாகையிலிருந்து வடக்கே 66 பாகை வரை, 12 இடங்களிலிருந்து 116 மரங்களைத் தேர்ந்தெடுத்து, வடக்கே ஒரு தோட்டத்திலும் தெற்கே ஒரு தோட்டத்திலும் சேர்த்து வளர்த்தார்கள். இரண்டு தோட்டத்திலும் வடக்கு மரங்களே முதலில் மொட்டுக் கட்டின. அவற்றில் 94 மரங்களின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்துப் பார்த்து 2018-இல் வெளியிட்ட முடிவில், இந்த வேறுபாட்டின் பெரும்பங்கு ஓர் எஃப்.டி. மரபணுவைச் சுற்றியுள்ள பகுதியிலேயே இருப்பதாகத் தெரிந்தது. பனியுகத்தில் அந்த நிலம் முழுக்கப் பனிப்பாளத்தின் அடியில் கிடந்தது. பனி உருகி, மரங்கள் மெல்ல மெல்லக் குடியேறி ஏறக்குறைய 10,000 வருஷம்தான் ஆகிறது. அதற்குள் ஊருக்கு ஒரு பஞ்சாங்கம் எழுதிக்கொண்டுவிட்டன.

எழுவதற்கு வேறு கணக்கு

தூங்கப் போவதற்குப் பகலைப் பார்க்கும் மரம், எழுவதற்கும் அதையே பார்க்கும் என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலான மரங்கள் அப்படிச் செய்வதில்லை. குளிர்காலத்தில் போதுமான அளவு குளிரை அனுபவித்து முடித்ததும் உறக்கம் கலைகிறது. அதற்குப் பிறகு வெதுவெதுப்பு வந்தால் மொட்டு விரியும். ஐரோப்பிய பீச் மரம் வசந்தத்திலும் பகல் நீளத்தைக் கவனிக்கும், ஆனால் அப்படிப்பட்டவை குறைவு.

இதன் விலையை ஐஸ்லாந்து கொடுத்திருக்கிறது. காடு அழிந்துபோயிருந்த அந்த நாட்டில் மரம் வளர்க்க விரும்பியவர்கள், தங்களுக்கு ஒத்த அட்சம் எது என்று தேடி அலாஸ்காவுக்குப் போனார்கள். சரியான யோசனை. கறுப்புப் பாப்லர் 1944-இல் அங்கிருந்து வந்தது, பகல் கணக்கு பொருந்தியது, மரங்கள் நன்றாக வளர்ந்தன. 1963 ஏப்ரலில் கொஞ்ச நாள் இதமாக இருந்தது. மரங்கள் அதை நம்பி விழித்துக்கொண்டன. திடீரென்று கடும் குளிர் இறங்கி, தெற்கு ஐஸ்லாந்தில் ஏராளமான மரங்களைக் கொன்றது. அட்சம் பொருந்தினால் மட்டும் போதாது, குளிர்காலம் எப்படி நடந்துகொள்ளும் என்பதும் பொருந்த வேண்டும் என்று தெரிந்து, அலாஸ்காவின் கடலோர ஊர்களிலிருந்து புதிதாக வகைகளைக் கொண்டுவந்தார்கள்.

நம் பக்கத்து மரங்கள்?

உறைபனி இல்லாத ஊரில், ஒரு மணி ஒன்றரை மணி நேரமே ஆடும் பகலை மரங்கள் கவனிக்குமா என்று கேட்கலாம். கவனிக்கின்றன. நம் தென்மாவட்டங்களை ஒத்த அட்சத்தில், ஏறக்குறைய 10 பாகையில், கோஸ்டா ரிகாவின் வறண்ட காடுகள் இருக்கின்றன. அங்கே பல மரங்கள் மழை வருவதற்கு முன்பே, கடும் வறட்சியில், ஒரே சமயத்தில் துளிர்க்கின்றன. பகல் அரை மணி நேரத்துக்கும் குறைவாக நீண்டதை வைத்தே அவை துளிர்க்கின்றன என்று 2002-இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. ஆசியப் பருவமழைக் காடுகளுக்கும் இதே விளக்கத்தை ஆய்வாளர்கள் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள்.

பங்குனியில் தரை பிளந்து கிடக்கும்போது வேம்பு செம்புநிறத்தில் கொழுந்து விடுவதும், புங்கமரம் கண் கூசும் பச்சைக்கு மாறுவதும் நமக்குப் பழகிய காட்சி. மழையே இல்லாமல் இது எப்படி என்று நான் பல வருஷம் யோசித்ததில்லை. தண்ணீரை ஆழத்து வேர் பார்த்துக்கொள்கிறது. மழை வரும்போது முழு இலையோடு தயாராக நிற்க வேண்டுமென்றால் அதற்கு முன்பே தொடங்கியாக வேண்டும். மேகத்தை நம்பித் தொடங்க முடியாது, நீளும் பகலை நம்பலாம். எது எந்த அளவுக்கு வேம்பைத் தூண்டுகிறது என்பதற்கு வெப்பம், ஈரம் எல்லாம் சேர்ந்த கணக்கு உண்டு. ஆனாலும் சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ தவறாமல் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு, மரங்களுக்கு நாள் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பஞ்சாங்கம் பழையது, வானிலை புதியது

பூமி சூடாகிக்கொண்டிருக்கிறது. வெப்பநிலைப் பட்டைகள் வடக்கே நகர்கின்றன. பகலின் நீளம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. இந்த இரண்டும் பிரியும் இடத்தில் மரம் மாட்டிக்கொள்கிறது.

வட ஸ்வீடனில் செப்டம்பர் முன்பைவிட இதமாக இருந்தாலும், அந்த ஊர் ஆஸ்பென் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே மொட்டுக் கட்டிவிடும். கிடைத்த வெயில் வீண். தெற்கிலிருந்து மரத்தைக் கொண்டுபோய் நட்டால் அந்தச் செப்டம்பரைப் பயன்படுத்தும், ஆனால் ஒரு வருஷம் பனி முன்னதாக வந்தால் போய்ச் சேரும். பைன் விஷயத்தில் கடுங்குளிர் இடங்களுக்கு, உள்ளூர் விதையைவிடச் சற்று வடக்கே சேகரித்த விதையை நடும் வழக்கமே அங்கே இருந்துவந்திருக்கிறது. கொஞ்சம் மெதுவாக வளரும், ஆனால் பிழைக்கும். இப்போது தெற்கத்தி விதையை எவ்வளவு தூரம் வடக்கே நகர்த்தலாம் என்பதுதான் அங்கே விவாதம்.

ஒரு பைன் கன்றை இன்று நட்டால் அறுவடைக்கு 80, 100 வருஷம் ஆகும். அந்தக் கடைசி வருஷங்களின் இதமான இலையுதிர்காலத்துக்கு ஏற்ற கன்று வேண்டும். அதே கன்று, நட்ட அடுத்த செப்டம்பரின் உறைபனியையும் தாண்டியாக வேண்டும். முழங்கால் உயரம்கூட இல்லாத கன்றுக்கு அந்த முதல் சில இலையுதிர்காலங்கள்தான் மிகக் கடினமானவை.